காலியாத்தான் இருக்குன்னு நெனச்சேன்

அன்புள்ள அண்ணா,

ஹாம் ரேடியோ (லைசன்ஸ் வாங்கி ஆர்வத்துக்காக ரேடியோவுல பேசற பொழுதுபோக்கு) பத்தி நீங்க அப்பப்ப எழுதறத படிச்சுட்டுதான் நானும் பரீட்சை எழுதினேன். பாஸ் ஆகி லைசன்ஸ் கைக்கு வந்து நாலு மாசம் ஆச்சு. எச்எஃப் (ஷார்ட்வேவ்) செட் இருக்கு, கம்பி ஆண்டெனா கட்டியாச்சு, கம்ப்யூட்டரே சின்னச் செய்தி அனுப்பி வாங்கற எஃப்டி8-ல ஐம்பது நாட்டுக்கு மேல பிடிச்சாச்சு. ஆனா மைக்க கையில எடுத்தா நாக்கு ஒட்டிக்குது. யாராவது சிக்யூ (யார் வேணா பேச வாங்கன்னு) கூப்பிடுவாங்க, நான் பேச அமுக்கற பிடிடி பட்டன் மேல விரல வெச்சுட்டே உக்காந்திருப்பேன், அதுக்குள்ள வேற யாராவது பதில் சொல்லிடுவாங்க. ஒரே ஒரு தடவை துணிஞ்சு பதில் சொன்னேன். அந்தப் பக்கம் இருந்தவர் திரும்பச் சொல்லுங்க, திரும்பச் சொல்லுங்கன்னு மூணு தடவை கேட்டுப் பாத்துட்டு விட்டுட்டார். அதோட மைக்க எடுத்து டிராயர்ல வெச்சுட்டேன்.

இந்த பயம் எப்படிப் போகும்? நல்ல மைக் வாங்கினா சரியாகுமா? மோர்ஸ் கத்துக்கணுமா? வாட்ஸப் இருக்கற காலத்துல இதெல்லாம் எதுக்குன்னு வீட்ல கேக்கறாங்க, என்ன பதில் சொல்ல?

(என் பெயர் போட வேண்டாம்.)

தம்பி,

பெயர் போடல, சரி. ஆனா நாலு மாசம் முன்னாடி நீ பரீட்சை எழுதி வாங்கினது என்னன்னு ஞாபகம் இருக்கா? உலகத்துல யார் வேணா ஒட்டுக் கேக்கலாம்ங்கற இடத்துல, நான் இன்னார்னு கால்சைன, அதாவது லைசன்ஸோட குடுத்த அடையாளப் பேர, சொல்லிட்டுப் பேசற உரிமை. அங்க ரகசிய பாஷை போட்டு பேசக்கூடாது, முகமூடி போட்டுக்கவும் கூடாது. அதை வாங்கி வெச்சுட்டு எனக்கு எழுதற கடிதத்துல பெயர ஒளிக்கற. இருக்கட்டும்.

வாட்ஸப் கேள்விக்கு நான் பதில் சொல்லப் போறதில்ல. மீன் கடையில கிடைக்கும்போது தூண்டில் போட்டு உக்காந்திருக்கறவன்கிட்ட யாராவது காரணம் கேக்கறாங்களா, கேட்டாலும் அவன் திரும்பிப் பாக்கறானா? மோர்ஸ் ஆசை இருந்தா கத்துக்கோ, இல்லன்னா விடு. 2003-ல ஜெனீவாவுல கூடின உலக ரேடியோ மாநாட்டுலயே அது கட்டாயம் இல்லன்னு எடுத்துட்டாங்க, அப்புறம் அந்தந்த நாடு பாத்துக்கட்டும்னு ஆயிடுச்சு. எஃப்டி8-ம் தப்பில்ல, அதை செஞ்ச ரெண்டு பேர்ல ஒருத்தர் ஜோ டெய்லர், 1993-ல இயற்பியல் நோபல் வாங்கினவர், அவர் குடுத்த பொம்மைய குறை சொல்ல நான் யாரு. ஆனா ஒண்ணு, அதுல 15 செகண்டுக்கு ஒரு தடவை கேக்கற வேலைய கம்ப்யூட்டர் பாத்துக்குது, காதுக்கே எட்டாத சிக்னலயும் அதுவே தோண்டி எடுத்துடுது. ஐம்பது நாடு பிடிச்சேன்னு சொல்ற இல்ல, அதுல ஒரு நாட்டு சத்தமாவது உன் காதுல விழுந்ததா?

இதெல்லாம் போகட்டும். திரும்பச் சொல்லுங்கன்னு மூணு தடவைன்னு எழுதியிருக்க பாரு, அந்த வரிக்காகத்தான் உக்காந்து பதில் எழுதறேன். போன வாரம்தான் 20 மீட்டர் பேண்ட்ல (14 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) ஒருத்தர் செய்யற அநியாயத்த கேட்டுட்டு பழைய ஞாபகத்துல ரெண்டு நாள் சரியா தூக்கம் இல்ல, அடுத்ததா உன் கடிதம் வருது.

எனக்கு லைசன்ஸ் வந்தப்போ உன்ன மாதிரி பயமெல்லாம் கிடையாது. அதுதான் பிரச்சனையே. யார்கிட்டயோ கை மாறி வந்த 100 வாட் செட்டு, 14 மெகாஹெர்ட்ஸுக்கு வெட்டின டைபோல் ஆண்டெனா, ரெண்டு பக்கமும் அஞ்சு அஞ்சு மீட்டர் கம்பி, நடுவுல கோஆக்ஸ் கேபிள், நானே சால்டர் வெச்சேன்னு பெருமை வேற. சாயங்காலம் செட்ட ஆன் பண்ணி டயல உருட்டினேன், எங்க பாத்தாலும் ஆளுங்க பேசிட்டிருக்காங்க, உருட்டி உருட்டி ஒரு இடத்துல வெறும் இரைச்சல். அஞ்சு செகண்ட் கேட்டிருப்பேன், மிஞ்சிப் போனா பத்து. காலி. மைக்க அமுக்கி சிக்யூ சிக்யூன்னு ஆரம்பிச்சேன் பாரு, விடல. கூப்பிடறது, ரெண்டு செகண்ட் விடறது, மறுபடி கூப்பிடறது. பத்து நிமிஷத்துக்கு மேல. நடுவுல ஒரு தடவை மூச்சு வாங்க கொஞ்சம் நேரம் கூட விட்டப்போ இரைச்சலுக்கு அடியிலேர்ந்து ஒரு வயசான குரல், ரொம்ப மெதுவா, கோபமே இல்லாம, இந்த ஃப்ரீக்வன்ஸியில ஏற்கனவே பேசிட்டிருக்கோம், தயவுசெஞ்சு கொஞ்சம் நகருங்கன்னுச்சு. எனக்கு எரிச்சல். காலியாத்தானே இருந்துச்சு, இவரு எங்கேர்ந்து வந்தாருன்னு முணுமுணுத்துக்கிட்டே நகந்தேன்.

மூணு வாரம் கழிச்சு அதே பெரியவர் சிக்யூ கூப்பிடறது கேட்டுச்சு. குரல அடையாளம் தெரிஞ்சு பதில் சொன்னேன், அன்னைக்கு நடந்ததுக்கு சாரியும் சொன்னேன். அவர் திட்டல, விஷயத்த மட்டும் சொன்னார். அன்னைக்கு அவர் பேசிட்டிருந்தது ஒரு புதுப் பையனோட, அவனுக்கு அதுதான் முதல் காண்டாக்ட், சின்ன செட்டு, அஞ்சு வாட்தான், எழுதி வெச்சத படிக்கற மாதிரி திக்கித் திக்கிப் பேசினானாம். அவன் தன் பேர சொல்ற நேரத்துலதான் நான் மேல ஏறினேன். இவர் திரும்பச் சொல்லுங்கன்னார், அவன் சொன்னான், நான் அதுக்கு மேல கத்தினேன், இவர் மறுபடி கேட்டார். நான் நகந்ததுக்கு அப்புறம் இவர் கூப்பிட்டுப் பாத்திருக்கார், அவன் வரல. அதுக்கப்புறம் அந்த கால்சைன அவர் பேண்ட்ல கேக்கவே இல்லயாம்.

இதுல என்ன கொடுமைன்னா, அந்தப் பையனுக்கு என் குரல் கேட்டிருக்கவே கேட்டிருக்காது. இத நீ நல்லா புரிஞ்சுக்கணும், பரீட்சைக்குப் படிச்சிருப்ப, படிச்சுட்டு மறந்திருப்ப. 14 மெகாஹெர்ட்ஸ் அலை தரையோட ஒட்டிப் போறது கொஞ்ச தூரம்தான், சில பத்து கிலோமீட்டர்ல தேஞ்சு போயிடும். மிச்சம் மேல போய் 250, 300 கிலோமீட்டர் உயரத்துல இருக்கற எஃப் அடுக்குல (மின்னேறின காத்து அடுக்கு) வளைஞ்சு எங்கயோ தூரத்துல போய் இறங்குது, ஒரே தாவல்ல 3000 கிலோமீட்டர் கூட போகும். நடுவுல இருக்கற இடம் பூரா செவிடு, அதுக்குப் பேருதான் ஸ்கிப் ஜோன். அந்தப் பையன் என்கிட்டேர்ந்து 500 கிலோமீட்டர்ல இருந்தான், பெரியவர் ரெண்டு பேருக்கும் ரொம்ப தூரம். பெரியவருக்கு எங்க ரெண்டு பேரயும் கேக்குது. எனக்கு அவன் கேக்கல, அவனுக்கு நான் கேக்கல. அவன் நீளமா திக்கிட்டிருந்த நேரம் பெரியவர் சும்மா இருந்தார், அந்த நேரத்துலதான் என் டயல் அங்க வந்து நின்னுச்சு. எனக்கு இரைச்சல் மட்டும்தான். ஒரு நிமிஷம் பொறுத்திருந்தா பெரியவர் பதில் சொல்றது கேட்டிருக்கும்.

இப்ப அந்தப் பையன் பக்கம் உக்காந்து பாரு. அவனுக்கு யாரும் குறுக்க வந்ததே தெரியாது. எதிர்ல இருக்கறவர் இவ்வளவு நேரம் நல்லா கேட்டுட்டிருந்தவர் திடீர்னு திரும்பச் சொல்லுங்க, திரும்பச் சொல்லுங்கங்கறார். அவன் என்ன நெனச்சிருப்பான்? நம்ம குரல் சரியில்ல, நம்ம செட்டு சரியில்ல, நமக்கு இது வராது. நீ என்ன நெனச்ச, அதையேதான். அவன் மைக்க எந்த டிராயர்ல வெச்சானோ.

அதனால சொல்றேன், காலின்னு ஒரு வார்த்தைய ரேடியோவுல யாரும் சுலபமா சொல்லக்கூடாது. (1912-ல அமெரிக்காவுல 200 மீட்டர் அலைநீளத்துக்குக் கீழ இருக்கற அலையெல்லாம் எதுக்கும் உதவாதுன்னு அமெச்சூர்கள, அதாவது ஹாம் ஆளுங்கள, அங்க தள்ளிவிட்டாங்க. அந்த உதவாத இடத்துலதான் 1923 நவம்பர்ல அமெரிக்காவுல ஃப்ரெட் ஷ்னெல்லும் பிரான்ஸ்ல லியோன் டெலோயும், ரெண்டு பேரும் ஹாம் ஆளுங்க, அட்லாண்டிக்குக்கு ரெண்டு கரையிலேர்ந்து மோர்ஸ்ல பேசினாங்க.) ஒரு இடத்துல நின்னா குறைஞ்சது ஒரு நிமிஷம் வாய மூடிட்டு கேளு. அப்புறம் கால்சைன சொல்லி இந்த ஃப்ரீக்வன்ஸியில யாராவது இருக்கீங்களான்னு கேளு. விட்டு மறுபடி ஒரு தடவை கேளு. உனக்குக் கேக்காதவன் இருப்பான், ஆனா அவனைக் கேக்கறவன் உனக்குப் பதில் சொல்லுவான். இது ஏதோ மரியாதைக்கு செய்யற சடங்கு இல்லப்பா, அந்த ஒரு கேள்வி மட்டும்தான் ஸ்கிப் ஜோன தாண்டி உனக்கு செய்தி கொண்டு வரும். இருபது வருஷம் லைசன்ஸ் வெச்சிருக்கறவனுங்களே கேக்கறதில்ல, போன வாரம் நான் கேட்டவர் அப்படி ஒருத்தர்தான். கிலோவாட் இருக்குங்கற திமிரு.

நீ என்னமோ பயம் எப்படிப் போகும்னு கேட்டிருந்த. முழுசா போக வேண்டாம், கொஞ்சம் இருக்கட்டும், எனக்கு அது இருந்திருந்தா அந்தப் பையன் தப்பிச்சிருப்பான். ஆனா ஒரு பதினஞ்சு நாள் எஃப்டி8-அ நிறுத்தி வை. செட்ட 14.100 மெகாஹெர்ட்ஸ்ல, சிடபிள்யூ (மோர்ஸ் கேக்கற) மோட்ல வெச்சுட்டு சும்மா உக்காரு. அங்க தப்பித் தவறிக்கூட பட்டன அமுக்காத. உலகம் பூரா தானா சிக்னல் அனுப்பற 18 பீக்கன் ஸ்டேஷனுக்கு அந்த இடம், ஒவ்வொண்ணுக்கும் பத்து செகண்ட், மூணு நிமிஷத்துல ஒரு சுத்து. சிலது பழுதாகி சும்மா கிடக்கும், பரவால்ல. ஒவ்வொண்ணும் தன் கால்சைன மோர்ஸ்ல அடிச்சுட்டு நாலு நீளக் கோடு போடும். முதல் கோடு 100 வாட், அடுத்தது 10, அடுத்தது 1, கடைசி 0.1 வாட். மோர்ஸ் தெரியலன்னாலும் அட்டவணையையும் கடிகாரத்தையும் பாத்தே எந்த ஊருன்னு சொல்லிடலாம். முதல் நாள் முதல் கோடு மட்டும்தான் உனக்குக் கேக்கும், மிச்சமெல்லாம் இரைச்சல்தான்னு நெனப்ப. கண்ண மூடிட்டு கேட்டுட்டே இரு. நாலஞ்சு நாள்ல ரெண்டாவது கோடு இரைச்சலுக்குள்ள ஒரு நூல் மாதிரி தெரியும், பேண்ட் நல்லா திறந்து தூரத்து சிக்னல் வர்ற ஒரு நேரம் மூணாவதும் வரும். எனக்கு முதல் தடவை நாலாவது கோடு கேட்டப்போ பக்கத்துல யாருமே இல்ல, சொல்றதுக்கு ஆள் இல்லாம வீட்டுக்குள்ள அங்கயும் இங்கயும் நடந்தேன். பத்துல ஒரு பங்கு வாட்! அது என் கம்பிக்கு வந்துருச்சு, அப்ப உன் 100 வாட் யாருக்கும் கேக்காதா?

அப்புறம் மைக்க டிராயர்லேர்ந்து எடு. நீ சிக்யூ கூப்பிட வேண்டாம், கூப்பிடறவங்களுக்குப் பதில் சொல்லு. ஒரு காகிதத்துல உன் கால்சைன ஆல்ஃபா பிராவோ சார்லி கணக்குல (ஏ-க்கு ஆல்ஃபா, பி-க்கு பிராவோன்னு) பெருசா எழுதி வை, கீழ உன் பேரு, ஊரு, அவருக்குக் குடுக்கற சிக்னல் ரிப்போர்ட்டுக்கு (அவர் குரல் எவ்வளவு நல்லா வருதுங்கறதுக்கு) ஒரு கோடு. வேற ஒண்ணும் வேண்டாம். அவர் விட்டதும் கால்சைன ஒரே ஒரு தடவை, நிதானமா சொல்லிட்டு பட்டன விடு. வேற யாராவது முந்திட்டா முந்தட்டும், அவங்க முடிக்கற வரைக்கும் இருந்து மறுபடி சொல்லு. திரும்பச் சொல்லுங்கன்னா திரும்பச் சொல்லு, பத்து தடவைன்னாலும் சொல்லு. உனக்குக் கேக்காத ஏதோ ஒரு இடத்துலேர்ந்து எவனாவது ஒரு மடையன், அன்னைக்கு நான் இருந்த மாதிரி, உன் மேல ஏறி நின்னு சிக்யூ கத்திட்டிருப்பான். பாதியில எந்திரிச்சுப் போயிடாத. அந்தப் பக்கம் ஒரு பெரியவர் காத மூடிக்காம உன்ன தேடிட்டிருப்பார்.

முதல் காண்டாக்ட் முடிஞ்சதும் எழுது. பேரோட எழுது, போடறேன்.

மைக் பத்தி கேட்டிருந்தயே, செட்டோட வந்ததே போதும்.