வாசகர் கேள்வி: கொரியாவுக்கு ஜப்பான் மேல் இன்னும் ஏன் கோபம்?

சென்ற இதழில் ஒருவர், ‘கொரியத் தொடர்களில் அந்தக் காலத்து ஜப்பானிய அதிகாரி வந்தாலே வில்லன்தானா?’ என்று கேட்டிருந்தார். ‘பழைய பகை, தலைமுறை மாறினால் ஆறிவிடும்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். சோம்பேறித்தனம்தான். வாசகர்கள் விடவில்லை. வந்த கடிதங்களில் பாதி இதைப் பற்றியே. அதனால் இந்த முறை சினிமா, அரசியல் எல்லாம் ஓரமாக நிற்கட்டும்.

கே: வெள்ளைக்காரன் நம்மை இருநூறு வருஷம் ஆண்டான். கொரியாவை ஜப்பான் ஆண்டது 35 வருஷம்தான். நாமே மறந்துவிட்டோம், அவர்களுக்கு மட்டும் என்ன?

ப: வருஷத்தை வைத்து அளந்தால் அப்படித்தான் தோன்றும். 1910 முதல் 1945 வரை, 35 வருஷம். ஆனால் வெள்ளைக்காரன் எவ்வளவோ சுரண்டினாலும் முனுசாமியைக் கூப்பிட்டு ‘இன்றுமுதல் உன் பெயர் எட்வர்டு’ என்று சொன்னதில்லை. ஜப்பான் சொன்னது. 1940 பிப்ரவரியில் தொடங்கி ஆறு மாதக் கெடு, அதற்குள் கொரியக் குடும்பங்கள் ஜப்பானிய பாணியில் குடும்பப் பெயர் பதிந்துகொள்ள வேண்டும். காகிதத்தில் அது அவரவர் விருப்பம். மாற்றாத வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கிடைப்பதிலிருந்து எல்லாவற்றிலும் இடைஞ்சல். கெடு முடிவதற்குள் சுமார் 80 சதவீதக் குடும்பங்கள் மாற்றிக்கொண்டுவிட்டன. கொரியர்களிடம் குலப்பெயர் என்பது சாதாரண விஷயம் இல்லை. பெண்ணுக்குக் கல்யாணமானாலும் பிறந்த வீட்டுக் குலப்பெயர் மாறாது. ‘நான் சொன்னது பொய்யானால் என் குலப்பெயரையே மாற்றிக்கொள்கிறேன்’ என்று அங்கே சவால் விடுவார்கள், நாம் ‘மீசையை எடுத்துவிடுகிறேன்’ என்று சொல்வதுபோல. மீசையாவது திரும்ப முளைக்கும்.

அப்புறம் மொழி. இதை நமக்கு யாரும் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. பள்ளியில் கொரிய மொழியை ஓரங்கட்டினார்கள், 1942-இல் கொரிய மொழிச் சங்கத்து அறிஞர்களைக் கைது செய்தார்கள், அவர்களில் இருவர் சிறையிலேயே இறந்தார்கள். அவர்கள் செய்த குற்றம் என்ன தெரியுமா, அகராதி தொகுத்தது. வருஷக்கணக்காக எழுதிச் சேர்த்த கையெழுத்துப் பிரதியைச் சாட்சிப் பொருள் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அது போயே போச்சு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 1945 செப்டம்பரில், ஜப்பான் சரணடைந்து மூன்று வாரம் கழித்து, சோல் ரயில் நிலையத்துச் சரக்குக் கிடங்கில் பெட்டியோடு கிடந்தது. அதை வைத்துத்தான் 1947-இல் முதல் தொகுதி வந்தது.

இன்னொன்றும் உண்டு. லண்டன் எங்கேயோ இருக்கிறது. ஜப்பானின் சுஷிமா தீவு தென்கொரியத் துறைமுகமான பூசானிலிருந்து 50 கிலோமீட்டர், வானம் தெளிந்திருந்தால் கரையில் நின்றபடியே பார்க்கலாம். புத்த சமயமும் சீன எழுத்தும் எங்கள் வழியாகத்தான் அவர்களுக்குப் போயின என்று கொரியர்கள் பெருமை பேசுவார்கள், அதில் உண்மையும் இருக்கிறது. தூரத்து அந்நியன் அடித்தால் ஒரு வலி, தம்பி முறை என்று நினைத்தவன் வீடு புகுந்து அடித்தால் வேறு வலி. வீடு புகுந்து என்பது வெறும் பேச்சுக்குச் சொல்லவில்லை. நாட்டைச் சேர்த்துக்கொள்வதற்குப் பதினைந்து வருஷம் முன்பே, 1895-இல், சோல் அரண்மனைக்குள் நுழைந்து அரசி மியோங்சோங்கைக் கொன்றார்கள்.

கே: ஜப்பான் மன்னிப்பே கேட்கவில்லையா?

ப: கேட்டிருக்கிறது, ஒரு தடவை இல்லை, பல தடவை. 1993-இல் அமைச்சரவைச் செயலர் கோனோவின் அறிக்கை, 1995-இல் பிரதமர் முராயாமா, 1998-இல் ஒபுச்சி, 2010-இல் கான். ‘ஜப்பான் வாயே திறக்கவில்லை’ என்று சொல்கிற கொரியர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் அநியாயம் பண்ணுகிறார்கள் என்றுதான் சொல்வேன்.

சிக்கல் எங்கே என்றால், வலது கையால் கும்பிட்டுவிட்டு இடது கையால் அழிப்பது. தண்டிக்கப்பட்ட முதல்நிலைப் போர்க்குற்றவாளிகள் உட்பட 14 பேரை 1978-இல், போரில் இறந்தவர்களுக்கான யாசுகுனி ஆலயத்தில் சேர்த்து வணங்கத் தொடங்கினார்கள். 2013 டிசம்பரில் பிரதமர் அபே அங்கே போய் நின்றார். 1923 நிலநடுக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தோக்கியோ பற்றி எரிந்துகொண்டிருந்தபோது ‘கொரியர்கள் கிணற்றில் விஷம் கலக்கிறார்கள்’ என்று புரளி கிளம்பியது, கும்பல்கள் தெருத் தெருவாக மறித்தன. சிக்கியவர்களிடம் ‘15 யென் 50 சென்’ என்று ஜப்பானிய மொழியில் சொல்லச் சொன்னார்கள், கொரிய நாக்கு அதில் தடுமாறும். நாம் விளையாட்டாக ‘வாழைப்பழம்’ சொல்லச் சொல்வோமே, அது அங்கே உயிர் போகிற பரீட்சை. அந்தக் கொலைகளில் இறந்தவர்களுக்கு ஆண்டுதோறும் நடக்கும் நினைவுக் கூட்டத்துக்குத் தோக்கியோ ஆளுநர்கள் இரங்கல் செய்தி அனுப்பி வந்தார்கள்; 2017 முதல் இப்போதைய ஆளுநர் அனுப்புவதை நிறுத்திவிட்டார். ஒரு தாள், நாலு வரி. அதை அனுப்பினால் என்ன குறைந்துவிடும்?

கே: 1965-லேயே பணத்தை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டாயிற்றே! திரும்பத் திரும்பக் கேட்டால் எப்படி?

ப: ஜப்பான் கேட்பதும் இதே கேள்விதான், நியாயமான கேள்வியும்கூட. 1965 ஒப்பந்தத்தில் ஜப்பான் தென்கொரியாவுக்குக் கொடுத்தது 30 கோடி டாலர் மானியம், 20 கோடி டாலர் கடன். உரிமைக் கோரிக்கைகள் ‘முழுமையாகவும் இறுதியாகவும்’ தீர்ந்தன என்று வாசகம். கொரியாவை அப்போது ஆண்டவர் ராணுவத்திலிருந்து வந்த பார்க் சுங்-ஹீ. அவரே இளமையில் ஜப்பானிய ராணுவக் கல்லூரியில் படித்தவர் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒப்பந்தம் வேண்டாம் என்று மாணவர்கள் தெருவுக்கு வந்தபோது ராணுவச் சட்டம் போட்டு அடக்கினார்.

பணம் எங்கே போனது? போஹாங் எஃகு ஆலைக்குப் போனது, மற்ற தொழில் திட்டங்களுக்குப் போனது. நாடு முன்னேறியது, அதை மறுக்க முடியாது. ஆனால் போரின்போது ஜப்பானியச் சுரங்கத்துக்கும் உலைக்களத்துக்கும் வேலைக்கு இழுத்துக்கொண்டு போகப்பட்டவர்களுக்கு? பேச்சுவார்த்தையின்போது தனித்தனி ஆட்களுக்கு ஈட்டுத்தொகை கொடுப்பது பற்றி ஜப்பான் கேட்டபோது, ‘அதை எங்கள் அரசே பார்த்துக்கொள்ளும்’ என்று சொன்னது கொரியத் தரப்பு. இது 2005-இல் பழைய கோப்புகளைத் திறந்தபோதுதான் ஊருக்குத் தெரிந்தது. அரசு பார்த்துக்கொண்ட லட்சணம் என்னவென்றால், எழுபதுகளில் இறந்தவர் ஒருவருக்கு 3 லட்சம் வொன் வீதம் 8,500-க்குச் சற்று மேற்பட்ட குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். உயிரோடு திரும்பியவர்களுக்கு அப்போது ஒன்றுமில்லை. பாகப்பிரிவினையில் அண்ணன் கையெழுத்துப் போட்டுப் பணத்தை வாங்கித் தொழிலில் போட்டுவிட்டால் தம்பி யாரிடம் போய்க் கேட்பான்? முதலில் அண்ணனிடம்தான் கேட்க வேண்டும், சரி. ஆனால் வேலை வாங்கிவிட்டுக் கூலி தராதவன் எதிர்வீட்டில்தானே இருக்கிறான்!

அந்தத் தம்பிகளில் நான்கு பேர் ஜப்பானிய எஃகு ஆலையில் வேலை செய்தவர்கள். அவர்களில் இருவர் முதலில் ஜப்பானில் வழக்குப் போட்டுத் தோற்றார்கள். பிறகு நால்வரும் கொரியாவில் போட்டு, 2018 அக்டோபர் 30-ஆம் தேதி கொரிய உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். அந்த நிறுவனம் தலைக்கு 10 கோடி வொன் தர வேண்டும் என்று தீர்ப்பு. தீர்ப்பு வந்த அன்று நால்வரில் ஒருவர்தான் உயிரோடு இருந்தார், வயது 94. அடுத்த வருஷமே ஜப்பான், கொரியாவின் சிப் தொழிலுக்கு உயிர்நாடியான மூன்று ரசாயனப் பொருள்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. தீர்ப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றது, யாரும் நம்பவில்லை. கொரியாவில் ஜப்பானிய பீர் கடை அலமாரியை விட்டே காணாமல் போனது. 2023-இல் கொரிய அரசு, ‘நம் நிறுவனங்களிடம் வசூலித்து நாமே கொடுத்துவிடுவோம்’ என்று ஒரு வழி கண்டுபிடித்தது. சிலர் வாங்கிக்கொண்டார்கள். சிலர், கடன்பட்டவன் கொடுக்கட்டும், பக்கத்து வீட்டுக்காரன் பணம் எனக்கு எதற்கு என்று மறுத்தார்கள்.

கே: சோலில் ஜப்பானியத் தூதரகத்துக்கு எதிரே ஒரு பெண் சிலை இருக்கிறதாமே?

ப: போரின்போது ஜப்பானிய ராணுவத்துக்கென்று நடத்தப்பட்ட விடுதிகளில் ஏமாற்றியும் இழுத்தும் அடைக்கப்பட்ட பெண்களுக்கான சிலை. ‘ஆறுதல் பெண்கள்’ என்று அவர்களுக்குப் பெயர் வைத்தவனுக்கு என்ன மனசோ. ஊர் வாய்க்குப் பயந்து அரை நூற்றாண்டு பேசாமல் இருந்தார்கள். ‘அரசுக்குத் தொடர்பில்லை, தனியார் தரகர்கள் செய்தது’ என்று ஜப்பானிய நாடாளுமன்றத்தில் சொன்னதைக் கேட்டுப் பொறுக்காமல், 1991 ஆகஸ்ட் 14-ஆம் தேதி கிம் ஹாக்-சுன் என்ற பாட்டி தன் பெயரையும் முகத்தையும் மறைக்காமல் முன்வந்து பேசினார். 1992 ஜனவரியிலிருந்து புதன்கிழமைதோறும் தூதரகம் முன்னால் போராட்டம். 2011 டிசம்பரில் ஆயிரமாவது புதன் வந்தபோது வைத்ததுதான் இந்தச் சிலை.

நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற சின்னப் பெண். தலைமுடி கண்டபடி வெட்டப்பட்டிருக்கும், தோளில் ஒரு குருவி. வெறுங்கால், குதிகால் தரையைத் தொடாது. ஊர் திரும்பியும் காலூன்ற முடியாதவள். கீழே விழும் நிழலைப் பார்த்தால் அது கூன் விழுந்த கிழவியின் நிழல். பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருக்கும், யார் வேண்டுமானாலும் வந்து உட்காரட்டும் என்று வைத்தது. குளிர்காலத்தில் யாராவது வந்து கம்பளிக் குல்லாவும் கழுத்துத் துணியும் போட்டுவிட்டுப் போவார்கள்.

2015 டிசம்பரில் இரு அரசுகளும் 100 கோடி யென்னுக்கு இந்த விஷயத்தையும் ‘இறுதியாக’ முடித்தன. அந்தப் பாட்டிகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு ஆறாத இடம் இதுதான். 1965-இல் செய்த அதே தப்பு, இந்தத் தடவை ஜனநாயக அரசு செய்தது. அப்போது உயிரோடிருந்த 47 பேரில் 30-க்கும் மேற்பட்டோர் பணத்தை வாங்கிக்கொண்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2020-இல், போராட்டத்தை நடத்திய அமைப்பு மீதே பாட்டி ஒருவர் நிதி முறைகேடு என்று புகார் சொன்னார். கொரியப் பத்திரிகைகள் மாதக்கணக்கில் அதையே எழுதின.

கே: அப்படியென்றால் கொரியர்கள் எல்லோரும் அப்பாவிகளா?

ப: இல்லை. ஜப்பானோடு ஒத்துழைத்தவர்கள் என்று 4,389 பேரைப் பட்டியலிட்டு 2009-இல் அங்கே ஒரு பெயரகராதியே வந்தது. விடுதலைக்குப் பிறகு இவர்களை விசாரிக்க அமைத்த குழுவை 1949-இல் போலீஸே புகுந்து முடக்கியது. ஏனென்றால் அந்தப் போலீஸில் பலர் பழைய ஜப்பான் காலத்து ஆட்கள்தான்.

நம் ஆட்களுக்கு நெருக்கமான ஒன்று. மலாயா தோட்டங்களிலிருந்து தமிழர்களைக் கொண்டுபோய்ச் சாகடித்த சயாம் மரண ரயில் பாதையில், போர்க்கைதிகளுக்குக் காவல் நின்றவர்களில் கொரியர்களும் உண்டு. போர் முடிந்ததும் 148 கொரியர்கள் போர்க்குற்றவாளிகள் என்று தண்டிக்கப்பட்டார்கள், 23 பேரைத் தூக்கிலும் துப்பாக்கி முனையிலும் முடித்தார்கள். ஜப்பானியக் குடிமக்கள் என்ற கணக்கில் தண்டனை. பிறகு, 1952-இல் குடியுரிமை போனதும், நீங்கள் ஜப்பானியரே இல்லை என்று ஓய்வூதியம் கிடையாது.

கே: இன்றைய இளசுகளுக்கும் இந்தக் கோபம் இருக்கிறதா?

ப: இருக்கிறது, இல்லை, இரண்டும்தான். ‘கல், காகிதம், கத்தரி விளையாட்டில்கூட ஜப்பானிடம் தோற்கக் கூடாது’ என்பது அங்கே பழகிப்போன பேச்சு. 2024-இல் ஜப்பானுக்குச் சுற்றுலா போனவர்களில் முதலிடம் யாருக்கு? தென்கொரியர்களுக்கு, 80 லட்சத்துக்கும் மேல். ராமென் சாப்பிட்டுவிட்டு வந்து இரு நாடுகளும் உரிமை கொண்டாடும் தோக்தோ தீவு எங்களுடையது என்று பாடுவார்கள். இதில் முரண்பாடு இருப்பதாக அவர்களுக்குத் தோன்றுவதில்லை, எனக்கும்தான்.

கே: பெர்லின் ஒலிம்பிக்கில் கொரியர் ஒருவர் ஜப்பானுக்காக ஓடினாராமே?

ப: சோன் கி-ஜோங், 1936 மாரத்தான் தங்கம். நெஞ்சில் சூரியக் கொடி, பெயர்கூட ஜப்பானிய உச்சரிப்பில். மேடையில் தலை குனிந்து, பரிசாகக் கிடைத்த மரக்கன்றை நெஞ்சோடு அணைத்துக் கொடியை மறைத்துக்கொண்டார். வெண்கலம் வாங்கிய நாம் சங்-யோங்கும் கொரியர். தங்கத்துக்காக அவர்மேல் பொறாமைப்படவில்லை, கொடியை மறைக்க அவருக்கு ஒரு செடி கிடைத்ததே என்றுதான் பொறாமைப்பட்டதாகப் பின்னாளில் சொன்னாராம். கொரியாவின் தோங்-ஆ இல்போ பத்திரிகை சோனின் படத்தில் கொடியை அழித்துவிட்டு அச்சிட்டது, ஒன்பது மாதத்துக்கு மேல் பத்திரிகையை மூடிவிட்டார்கள். 1988 சோல் ஒலிம்பிக்கில் சோன் 76 வயதில் தீபத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மைதானத்துக்குள் சின்னப் பையன்போலக் குதித்துக் குதித்து ஓடிவந்தார்.

பதக்கப் பட்டியலில் அந்தத் தங்கம் இன்றைக்கும் ஜப்பான் கணக்கில்தான் இருக்கிறது.