கன்வெர்ட்டிபிள் காரின் துணிக் கூரைக்கு எந்த வாட்டர்ப்ரூஃப் ஸ்ப்ரே நல்லது?

பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்று வாங்கியிருக்கிறீர்கள். கூரையில் பச்சை படிந்திருக்கிறது, மழை பெய்தால் துணி தண்ணீரைக் குடித்துக் கறுத்துப் போகிறது, எந்த ஸ்ப்ரே வாங்கலாம் என்று கேட்கிறீர்கள். லண்டனில் அதே காரை ஆறு வருடமாக வைத்திருக்கிறேன். கராஜ் கிடையாது, மழையோ பனியோ தெருவில்தான் நிற்கிறது. என் பதில்: ஸ்ப்ரே இருக்கட்டும், முதலில் கூரையை ஒழுங்காகத் துவையுங்கள்.

துணி நனைகிறதே, கார் ஒழுகுமோ என்று பயப்பட வேண்டாம். இந்தக் கூரை மூன்று அடுக்கு. வெளியே நெய்த அக்ரிலிக், நடுவில் மெல்லிய ரப்பர், உள்பக்கம் பருத்தி அல்லது பாலியெஸ்டர். மழையைத் தடுப்பது நடுவில் இருக்கும் ரப்பர்தான். (இங்கே பலர் இதை மொஹேர் கூரை என்பார்கள். மொஹேர் என்பது அங்கோரா ஆட்டின் முடி. இந்தத் துணியில் அது ஒரு இழைகூடக் கிடையாது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.) ஸ்ப்ரேயின் வேலை, தண்ணீர் மேல் துணிக்குள் ஊறாமல் பார்த்துக்கொள்வது. ஊறாத துணி சீக்கிரம் காயும், காய்ந்த துணியில் பாசி பிடிக்காது. 1989-இல் வந்த முதல் எம்எக்ஸ்-5 போல உங்களுடையது துணியில்லாமல் வினைல் (ஒருவகை பிளாஸ்டிக்) கூரை என்றால் இந்தப் பதில் பொருந்தாது, அதற்கு மருந்து வேறு.

முதல் வருடம் நான் பாத்திரம் கழுவும் சோப்பைப் போட்டு மேலோட்டமாகத் தேய்த்து, அலசி, ஸ்ப்ரே அடித்தேன். இரண்டே வாரத்தில் பழையபடி தண்ணீர் ஊறியது. குறை ஸ்ப்ரேயில் இல்லை. சோப்பு நெசவுக்குள்ளேயே தங்கிவிட்டது. தண்ணீரைத் துணிக்குள் இழுப்பதுதானே சோப்பின் குணம்? அது உள்ளே இருக்கும்வரை மேலே எதை அடித்தாலும் பிடிக்காது.

இப்போது செய்வதைச் சொல்கிறேன். ஏப்ரல், மே மாதத்தில் தொடர்ந்து இரண்டு நாள் மழை இல்லை என்று தெரிந்தால் ஆரம்பிப்பேன். காய்ந்த கூரையைத் தட்டி, உதிர்ந்த இலை, தூசி எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். பூனை முடி, பஞ்சு இருந்தால் கோட்டுக்கு உருட்டுவோமே, அந்த ஒட்டும் உருளை போதும். அப்புறம் கூரை முழுவதையும் நனைத்து, சாஃப்ட் டாப், அதாவது துணிக் கூரைக்கென்றே விற்கும் ஷாம்பூவை வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து, மென்மையான பிரஷ்ஷால் கால் கால் பாகமாகத் தேய்ப்பேன். முரட்டு நைலான் பிரஷ் வேண்டாம், துணி பிசிறடித்துவிடும்.

நுரை வெள்ளையாகத்தான் எழும்பும். ஒரு நிமிடம் தேய்த்தால் தேநீர் நிறத்துக்கு மாறும். அதுதான் இத்தனை நாள் நெசவுக்குள் இருந்த அழுக்கு. அலசிவிட்டு, வெள்ளைத் துண்டு ஒன்றை ஈரக் கூரையில் வைத்து உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். துண்டில் பழுப்பு படிந்தால் இன்னொரு முறை தேய்க்க வேண்டும். எனக்கு மூன்றாவது முறைதான் துண்டு வெள்ளையாக வந்தது. கடைசி அலசலில் நுரை துளியும் வரக்கூடாது. துவைப்பதைவிட அலசத்தான் எனக்கு அதிக நேரம் ஆகும்.

பின்கண்ணாடி துணியோடு சேரும் இடத்திலும் தையல் ஓரங்களிலும் பாசி அதிகம் இருக்கும். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் பொறுமையாக எடுங்கள். ப்ளீச் ஊற்றாதீர்கள், தையல் நூலும் ரப்பரும் கெடும். பிரஷ் சுழலும் தானியங்கி கார் வாஷ் பக்கமே போக வேண்டாம். ஒருமுறை கார் கழுவும் கடையில் பிரஷர் வாஷரைத் தையலுக்குப் பக்கத்தில் பிடித்து நூலைப் பிய்த்துவிட்டார்கள். அதிலிருந்து கூரையை வேறு யார் கையிலும் கொடுப்பதில்லை.

பறவை எச்சத்தைத் தேய்க்காதீர்கள், உள்ளே இறங்கிவிடும். ஈரத்துணியைப் பத்து நிமிடம் மேலே போட்டு ஊறவைத்து ஒற்றி எடுங்கள். எங்கள் தெருவில் லிண்டன் மரங்கள். கோடையில் அசுவினிப் பூச்சிகள் அவற்றிலிருந்து பிசுபிசுவென்று தேன் போல ஒன்றைச் சொட்டும். அப்படியே விட்டால் அதன்மேல் கறுப்புப் பூஞ்சை வளரும். அதற்கும் வெதுவெதுப்பான தண்ணீர் போதும், ஆனால் சுருக்காகச் செய்ய வேண்டும்.

ஒரு நாள் முழுக்கக் காய்ந்த பிறகுதான் ஸ்ப்ரே. நான் அடிப்பது 303 ஃபேப்ரிக் கார்ட். ஆட்டோகிளிம், ரெனோவோ என்றும் வாங்குகிறார்கள், துணி சுத்தமாக இருந்தால் எதுவானாலும் சரி. கண்ணாடிக்கும் பெயின்டுக்கும் செய்தித்தாளை டேப் போட்டு ஒட்டி மறைத்துவிடுங்கள், அவற்றில் பட்டுக் காய்ந்தால் துடைத்தெடுப்பது பெரும்பாடு. கனமாக ஒரு பூச்சைவிட, நீளவாக்கில் ஒன்று, குறுக்குவாக்கில் ஒன்று என மெல்லிய இரண்டு பூச்சு நல்லது. குளிர்நாளில் சரியாகப் பிடிக்காது, அதனால்தான் வசந்தம்வரை காத்திருக்கச் சொல்கிறேன். மறுநாள் ஒரு கை தண்ணீர் தெளித்துப் பாருங்கள், சேம்பிலையில் விழுந்ததுபோல உருண்டு ஓட வேண்டும். துளிகள் தட்டையாகப் படர ஆரம்பித்தால் திரும்ப அடிக்கும் காலம் வந்துவிட்டது. எனக்கு வருடத்துக்கு ஒருமுறை போதுமாக இருக்கிறது.

கூரை வெளுத்துவிட்டது என்று சாயம் வாங்கக் கிளம்பாதீர்கள். எனக்கும் வெளுப்பு என்றுதான் பட்டது. துவைத்த பிறகு பார்த்தால் பாதிக்கு மேல் அழுக்கு.

இன்னொன்றையும் பாருங்கள். சீட்டுக்குப் பின்னால் கூரை மடங்கும் இடத்தில், இரண்டு ஓரத்திலும் தண்ணீர் வடியும் துளைகள் உண்டு. இலைக்குப்பை அடைத்தால் தண்ணீர் காருக்குள் வரும், நாம் கூரை ஒழுகுகிறது என்று நினைப்போம். மெதுவாக ஒரு குவளை தண்ணீர் ஊற்றி, காருக்கு அடியில் சொட்டுகிறதா என்று பாருங்கள்.

ஈரக் கூரையை மடித்து வைக்காதீர்கள். வழியில் மடிக்க நேர்ந்தால், வீட்டுக்கு வந்ததும் மறுபடி ஏற்றி மூடிக் காயவிடுங்கள்.