பழைய கிரிப்பின் மேலேயே புதியதைச் சுற்றலாமா?

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். தினமும் மாலை இரண்டு மணி நேரம் ஷட்டில் பயிற்சி. பேட் வழுக்குகிறது என்று, கைப்பிடியில் சுற்றும் மெல்லிய நாடாவான ஓவர்கிரிப்பில் பழையதன் மேலேயே புதியதைச் சுற்றிக்கொள்கிறாள். இப்போது மணிக்கட்டு வலிக்கிறது என்கிறாள். இரண்டுக்கும் தொடர்பு உண்டா? எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: தொடர்பு இருக்கலாம். இன்று இரவே அந்த பேட்டை எடுத்து எத்தனை அடுக்கு இருக்கிறது என்று பிரித்துப் பாருங்கள். போன கோடையில் என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு பையனின் பேட்டிலிருந்து நான்கு உரித்தேன். கடைசி அடுக்கு ஈரமாகவே இருந்தது.

ஷட்டில் பேட்டின் மரக் கைப்பிடி உருண்டை அல்ல, எட்டுப் பட்டை கொண்டது. பேக்ஹேண்டுக்கு, அதாவது புறங்கைப் பக்கமாக அடிப்பதற்கு, மாறும்போது கட்டைவிரல் அகலமான பட்டையில் போய் உட்கார வேண்டும். பந்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு விரல்தான் கண். ஓர் ஓவர்கிரிப்பின் தடிமன் சுமார் 0.6 மி.மீ. இரு பக்கமும் சேர்ந்தால் 1.2. மூன்று அடுக்கு என்றால் 3.6 மி.மீ. பட்டைகள் மழுங்கி, கைப்பிடி பூரிக்கட்டை மாதிரி ஆகிவிடும். அது கைக்குள் உருளாமலிருக்கக் குழந்தை இறுக்கிப் பிடிப்பாள். அடிக்கும் நொடியில் மட்டும் இறுக வேண்டிய கை ஆட்டம் முழுக்க இறுகியே இருந்தால் மணிக்கட்டு தாங்காது. பழையதை எடுத்த பிறகும் ஒரு வாரத்தில் வலி குறையாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

கைப்பிடிக்கு மேலுள்ள கூம்பில் ஜி4, ஜி5 என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். யோனெக்ஸ் போன்ற பேட்களில் எண் கூடக் கூடக் கைப்பிடி மெலிதாகும். சின்னக் கைக்கு ஜி5 வாங்கி, ஓர் ஓவர்கிரிப் சுற்றினால் போதும்.

மாற்றுவதற்கு நாள் கணக்கு வேண்டாம். மேற்பரப்பு பளபளத்தாலோ, ஓரம் கிளம்பினாலோ, அவள் ஆட்டத்தின் நடுவே அடிக்கடி கையைத் துடைத்தாலோ மாற்றுங்கள். தினமும் இரண்டு மணி நேரம் ஆடினால், உங்கள் ஊர்ப் புழுக்கத்தில் பத்து நாள் தாண்டுவதே அதிகம். வெள்ளை நிறம் வாங்குங்கள், அழுக்கு உடனே தெரியும். உள்ளங்கை சொட்டச் சொட்ட வியர்க்கிறவர்கள் துண்டுத் துணி போன்ற டவல் கிரிப் போடுவார்கள். அது தடிமனானது, அவளுக்கு இப்போது வேண்டாம்.

சுற்றும்போது மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரித்துவிடுங்கள். கூர்மையான முனையை அடிப்பக்கத்தில் வைத்து, லேசாக இழுத்துக்கொண்டே மேல்நோக்கிச் சுற்ற வேண்டும். ஒவ்வொரு சுற்றும் முந்தையதன் மேல் இரண்டு மூன்று மி.மீ. ஏறினால் போதும். மேலிருந்து தொடங்கினால் கை கீழே நழுவும் ஒவ்வொரு முறையும் ஓரத்தில் உரசி அதைக் கிளப்பிவிடும். இரண்டு முறை நீங்கள் சுற்றிக் காட்டுங்கள், மூன்றாவது முறை அவளே சுற்றட்டும்.