மகளா, தங்கையா? வேதபாட வகுப்புக்கு ஒரு பதில்

ஞாயிறு வேதபாட வகுப்பு எடுக்கும் ஒரு வாசகர் கேட்கிறார்: "கிறிஸ்தவம் யூத மதத்தின் மகள் என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். யூதர்கள் இதை ஒத்துக்கொள்வார்களா? இயேசு காலத்தை விளக்க, ரபிகள் என்னும் யூத மத ஆசான்களின் விவாதத் தொகுப்பான தல்மூதைக் காட்டலாமா?"

மகளை விடுங்கள், தங்கை என்று சொல்லுங்கள். இன்றைய யூத அறிஞர்கள் பலர் அப்படித்தான் பார்க்கிறார்கள். ஏனென்றால் ரபிகளின் யூத மதம் இயேசு காலத்தில் இன்னும் முழுசாக உருவாகவே இல்லை. கி.பி. 70இல் ரோமர்கள் எருசலேம் ஆலயத்தை இடித்து, பலி செலுத்த இடமே இல்லாமல் போன பிறகுதான், பரிசேயர் என்ற யூதப் பிரிவின் வழிவந்த ரபிகள் ஒரு பக்கம், இயேசுவே மேசியா என்றவர்கள் இன்னொரு பக்கம் என்று பாகப்பிரிவினை சூடு பிடிக்கிறது. அதுவும் ஒரே நாளில் முடியவில்லை. 386, 387 வாக்கில்கூட அந்தியோக்கியாவில் கிறிசோஸ்தோம் என்ற கிறிஸ்தவக் குரு, கிறிஸ்தவர்கள் யூதப் பண்டிகைக்குப் போகிறார்களே என்று பிரசங்கத்தில் திட்டிக்கொண்டிருந்தார்.

தல்மூதைக் காட்டலாம், ஆனால் தேதியைப் பார்த்து. தல்மூதுக்கு அடிப்படையான மிஷ்னா தொகுக்கப்பட்டது சுமார் கி.பி. 200இல், பாபிலோனியத் தல்மூத் அதற்கும் சில நூற்றாண்டு பிந்தியது. அதில் இயேசுவைப் பற்றி வருகிற துணுக்குகள் பிற்கால வாக்குவாதம், வரலாற்றுச் சாட்சியாக எடுக்காதீர்கள்.

ஆனால் பழைய விவாதங்கள் சில அதில் தங்கியிருக்கின்றன. மத்தேயு 19இல் "எந்த முகாந்தரத்தினாலாகிலும்" மனைவியைத் தள்ளிவிடலாமா என்று பரிசேயர் கேட்கிறார்களே, அந்தக் கேள்வி திடீரென்று முளைத்ததல்ல. மிஷ்னாவில் அதே சண்டை இருக்கிறது: ஒழுக்கக்கேடு இருந்தால் மட்டுமே என்கிறது ஷம்மாய் பள்ளி, சமையலைக் கெடுத்தாலே போதும் என்கிறது ஹில்லேல் பள்ளி. (பாவம், அந்தக் காலத்துப் பெண்கள்.) மத்தேயுவில் இயேசு சொல்லும் பதில் ஷம்மாய் பக்கம் சாய்கிறது. அதாவது அவர் வெளியிலிருந்து கல்லெறியவில்லை, உள்ளே உட்கார்ந்து வாதாடுகிறார்.

அப்புறம், "பரிசேயன்" என்றாலே வேஷக்காரன் என்று நம் சபைகளில் பழகிவிட்டோம். யூதர்களுக்கு அது தங்கள் ரபிகளின் முன்னோர்களைத் திட்டுவது மாதிரி. இயேசு பரிசேயரைக் கண்டிக்கும் மத்தேயு 23 நடத்தும்போது தல்மூதின் ஏழு வகைப் பரிசேயர் பட்டியலையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். சுவரில் மோதி ரத்தம் வழிய நிற்கிற ஒருவன் அதில் உண்டு; பெண்களைப் பார்க்கக் கூடாதென்று கண்ணை மூடிக்கொண்டு நடந்ததால் என்று பிற்கால உரை விளக்குகிறது. அவனைக் கிண்டல் செய்தது ரபிகளேதான்.