நூர்ந்த ஒளி: ஒரு கடிதம்

அன்புள்ள சேர்,

நான் இரசாயனவியல் சிறப்புப் பட்டத்தின் இறுதியாண்டில் படிக்கிறேன். ஒளியிரசாயனத்தில் ஆராய்ச்சி செய்ய ஆசை. மலேரியா மருந்தான குயினைன் ஊதாக் கதிர் பட்டால் காட்டும் நீல ஒளிர்வை அளக்கிற என் ஆய்வுத்திட்டம் தோற்றுவிட்டது. சல்பூரிக்கமிலம் முடிந்திருந்ததால் ஐதரோகுளோரிக்கமிலத்தில் கரைத்தேன். ஒளி கிட்டத்தட்ட நூர்ந்தேவிட்டது. தலைப்பை மாற்றச் சொல்கிறார்கள். இங்கே இருந்துகொண்டு இந்தத் துறையில் ஒன்றும் செய்ய ஏலாது போலிருக்கிறது. ஆசிரியர் நியமனத்துக்குப் போ என்கிறா அம்மா. வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கவா, வேலைக்குப் போகவா? வாசிக்க நூல்களும் சொல்லுங்கள்.

ம., தம்பிலுவில்

அன்புள்ள மகள்,

நூற்பட்டியல் தரப்போவதில்லை. கையிலிருக்கிற பௌதிக இரசாயனப் புத்தகத்தில் அருட்டிய நிலை (மூலக்கூறு ஒளியை வாங்கிச் சக்தி கூடி நிற்கும் நிலை) பற்றிய பகுதியை ஒழுங்காக வாசித்தால் இப்போதைக்குப் போதும். அம்மா சொல்வதிலும் பிழையில்லை.

தோற்றுவிட்டது என்று எழுதினீர்களே, அதற்குத்தான் எனக்குக் கோபம். உங்கள் கரைசல் ஒரு செய்தி சொன்னது. நீங்கள் அதைத் தொட்டியில் ஊற்றிவிட்டீர்கள். 1852 இல் இந்த ஒளிர்வுக்குப் புளோரசன்ஸ் என்று பெயர் வைத்த விஞ்ஞானி ஸ்டோக்ஸ் பார்த்ததும் இதே குயினைனைத்தான். வெயில்தான் அவருக்கு விளக்கு. ஐதரோகுளோரிக்கமிலமும் கறியுப்பும் அந்த நீலத்தை நூர்க்கும் என்று கவனித்தவரும் அவரே. அருட்டப்பட்ட குயினைன் குளோரைட்டு அயனோடு மோதினால் சக்தியை ஒளியாக விடாமல் வெப்பமாக இழந்துவிடும். 1919 இல் ஸ்டேர்ணும் வொல்மரும் இந்த நூர்தலுக்குக் கணக்கே எழுதினார்கள்: முதலிருந்த ஒளியை மிஞ்சிய ஒளியால் வகுத்துப் பாருங்கள், அது குளோரைட்டின் செறிவோடு நேர்கோட்டில் ஏறும். அந்தக் கோடு உங்கள் கையில் இருந்தது, மகள்!

யுத்த காலத்தில், மின்சாரம் இல்லாத வகுப்பறையில், எங்கள் இரசாயன ரீச்சர் முருங்கையிலையை ஸ்பிரிட்டில் கசக்கி வடித்துப் போத்தலை வெயிலில் பிடித்தா. ஊடாகப் பார்த்தால் பச்சை, பக்கத்திலிருந்து பார்த்தால் இரத்தச் சிவப்பு. நாங்கள் கைதட்டினோம். அவ விடவில்லை. "மறுகா ஏன் இலையில இருக்கக்குள்ள சிவக்கல்ல?" என்று கேட்டா. ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. உயிருள்ள இலையில் பச்சையம் வாங்குகிற ஒளியில் பெரும்பகுதி உணவாக்கவும் வெப்பமாகவும் போய்விடுகிறது. சிவப்பாகச் சிந்துவது மிகக் கொஞ்சம். ஸ்பிரிட்டில் உணவாக்கும் வேலை நின்றுவிட, சிவப்பு கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வெளியே வருகிறது. ஒளிராத இடத்தைப் பார்த்துக் கேள்வி கேட்க எனக்குப் பழக்கியவ அவதான்.

கொழும்பில் படித்து, அங்கேயே கற்பித்து, பிறகு பெல்பாஸ்ட் போன இரசாயனவியலாளர் பிரசன்ன டி சில்வாவின் வேலை முழுக்க இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. அந்திரசீன் என்ற ஒளிரும் சேர்வையோடு அமைன் என்ற நைதரசன் கூட்டம் ஒன்றைத் தொடுத்தால், அமைனின் இலத்திரன் பாய்ந்து ஒளியை நூர்க்கும். ஐதரசன் அயன் வந்து அமைனைப் பிடித்துக்கொண்டால் இலத்திரன் பாயமுடியாது, ஒளி வரும். 1993 இல் 'நேச்சர்' இதழில் அவரும் கூட்டாளிகளும் காட்டிய மூலக்கூறு, ஐதரசன் அயனும் சோடியம் அயனும் இரண்டும் இருந்தால்தான் நன்றாக ஒளிரும். கணினியின் தருக்கப் படலை, அதாவது இரண்டு உள்ளீடும் வந்தால்தான் 'ஆம்' சொல்லும் சுற்று, ஒற்றை மூலக்கூறுக்குள்! இதே கொள்கையில் செய்த உணரிகள் இரத்தத்தின் சோடியத்தையும் பொற்றாசியத்தையும் அளக்க வைத்தியசாலைக் கருவிகளுக்குள் போயின. நூர்தலைத் தோல்வி என்று நினைத்திருந்தால் இதில் எது நடந்திருக்கும்?

சல்பூரிக்கமிலம் இல்லை என்று இன்னொருமுறை எழுதாதீர்கள். சித்திரிக்கமிலம் கடையில் கிடைக்கும். கள்ளநோட்டுப் பார்க்கிற ஊதா லைட் ஒன்று, கறுப்புத்தாள் ஒட்டிய பெட்டி ஒன்று, கையிலிருக்கிற போன் கமரா. வாவித் தண்ணீரின் உப்பிலும் குளோரைட்டு இருக்கிறது. அதை வடித்து, குயினைன் கரைசலில் துளித்துளியாக விடுங்கள். கூட விட்டால் ஒளி முழுக்கப் போய்விடும். பக்கத்துக் குழாயில் அதே அளவு காய்ச்சி வடித்த நீர். முகத்துவாரம் உடைத்த மாரித் தண்ணீரையும் கோடைத் தண்ணீரையும் ஒப்பிடுங்கள். வெள்ளி நைத்திரேற்றைச் சிறிதுசிறிதாக விட்டு அளக்கும் நியமிப்பால் குளோரைட்டை அளந்து உங்கள் கோட்டைச் சரிபாருங்கள். நியமனம் கிடைத்தாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு சேர்ந்தே இதைச் செய்யலாம்.

ஒளிர்வதும் நூர்வதும் நனோசெக்கனில் நடப்பவை, அந்த வேகத்தை அளக்க நல்ல கருவி வேண்டும்தான். அதற்காக வெளிநாடு போவதென்றால் விண்ணப்பியுங்கள், சந்தோசமாக அனுப்பிவைப்போம். இங்கே ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டு மட்டும் போகாதீர்கள். முதல் அட்டவணையை எனக்கு அனுப்புங்கள். தலைப்பை மாற்றச் சொன்னவர்களுக்கும் ஒரு பிரதி கொடுங்கள்.