மாற்றாள் நடவும் பிள்ளையின் பள்ளியும்

கேள்வி: எங்கள் ஊரில் நடவுக்குக் கூலியாள் வைப்பதில்லை, அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் மாறி மாறி ஒருவர் வயலில் மற்றவர் இறங்குகிறோம். என் கணவர் தாய்லாந்தில் இருப்பதால், நாங்கள் திருப்ப வேண்டிய ஆளுக்கு 12 வயது மகனை அனுப்புகிறேன். இந்த வழக்கத்தால் பிள்ளைகளுக்கு நன்மையா, தீமையா?
— ஒரு வாசகி, தட்டோன், பர்மா

பதில்: இப்படி ஆளுக்கு ஆள் திருப்பிக்கொள்ளும் மாற்றாள் முறை இல்லாத ஊரில் பிள்ளைகளுக்கு வேலை குறைவு என்று எண்ணிவிட வேண்டாம். நாற்று முற்றுவதற்குள் நட்டாக வேண்டும். கூலி கொடுக்க இயலாத வீட்டுக்கு அயலாரும் வராவிட்டால், பெற்றோரும் பிள்ளைகளுமாகப் பல நாள் சேற்றில் நிற்க வேண்டியதுதான். பலர் சேர்ந்து ஒரே நாளில் முடித்துவிட்டால் அந்தச் சுமை பிள்ளைகள்மேல் விழாது.

சிக்கல், வாங்கிய ஆளைத் திருப்பும் விதத்தில் இருக்கிறது. பெரியவர்கள் நால்வர் உள்ள வீடு அதை எளிதாகத் தீர்த்துவிடும். உங்களைப் போல் ஒருவரே உள்ள வீடு பிள்ளையை அனுப்பும், அவனை அரை ஆளாகக் கணக்கிட்டால் ஒரு நாள் கடனுக்கு அவன் இரண்டு நாள் குனிய வேண்டும். பர்மாவில் பள்ளி திறப்பது ஜூனில். மழை நெல்லுக்கான வேலைகளும் அப்போதே தொடங்குவதால், ஆண்டின் முதற்பாடங்களே தவறிப்போகின்றன.

கணக்கில் ஏறாத வேலையும் உண்டு. தாய் அயல்வயலுக்குப் போகும் நாளில் கைக்குழந்தையைப் பார்ப்பதும் நடவாட்களுக்குச் சோறு வடிப்பதும் பெரும்பாலும் மூத்த பெண்பிள்ளைதான். அவள் சேற்றில் இறங்காததால் அதை வேலை என்று யாரும் சொல்வதில்லை.

2015ஆம் ஆண்டுத் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, அந்நாட்டில் 5 முதல் 17 வயதுக்குட்பட்ட சுமார் 11 லட்சம் பேர் குழந்தைத் தொழிலாளர்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வேளாண்மையில் இருந்தனர். 2019ஆம் ஆண்டின் குழந்தை உரிமைச் சட்டம் வேலைக்கான குறைந்தபட்ச வயதை 14 என வகுத்திருக்கிறது. ஆனால், வரப்புக்கு வரப்பு வந்து பார்க்க அதிகாரிகள் ஏது? ஊரார் தமக்குள் பேசி முடிப்பதே அங்கு நடக்கும்.

ஆகவே நாற்றுப் பாவும் முன்பே குழுவினரிடம் பேசுங்கள். நடவில் வாங்கிய ஆளை, அறுவடை நாட்களில் நீங்களே திருப்பலாம். நடவாட்களுக்குச் சமைத்துப் போடுவதையும் ஆள்கணக்கில் சேர்க்கச் சொல்லலாம். அதற்கும் அவர்கள் இசையாவிட்டால், கணவர் அனுப்பும் பணத்தில் அந்தச் சில நாட்களுக்கு மட்டும் வயதுவந்த ஒருவரைக் கூலிக்கு அனுப்புங்கள். பள்ளி விடுமுறையில் மகன் சொந்த வயலில் சற்று நேரம் நாற்றுமுடி எடுத்துக் கொடுப்பதில் தவறில்லை. பூச்சிமருந்து தெளிக்கும் இடத்துக்கு மட்டும் அவனை விடவே வேண்டாம்.