சுகாதாரக் கல்வி தொடங்கும் முன் மக்களிடம் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது: கேள்வி பதில்

ஒரு சமூகத்துக்கு எந்தச் சுகாதாரக் கல்வி தேவை, அதை நடத்த அங்கேயே என்ன பலம் இருக்கிறது, இதை எப்படிக் கணிப்பது என்று பலர் கேட்டிருந்தீர்கள். கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன், ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

மேடம், சர்க்கரை நோய் விழிப்புணர்வுக்கு என்றே நிதி வந்துவிட்டது. தலைப்பு முடிவான பிறகு தேவை மதிப்பீடு எதற்கு?

முடிவானது தலைப்பு மட்டும்தானே. ஒரு இடத்தில் யாரும் பரிசோதனைக்கே போவதில்லை, இன்னொரு இடத்தில் போய் மாத்திரையும் வாங்கி, உடம்பு தேறியதும் நிறுத்திவிடுகிறார்கள், மற்றொரு இடத்தில் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறவர்கள்கூடக் காலில் வந்த புண்ணை முற்றிய பிறகுதான் காட்டுகிறார்கள். மூன்றும் சர்க்கரை நோய்தான், ஆனால் பேச வேண்டிய ஆளும் வேறு, சொல்ல வேண்டிய விஷயமும் வேறு. ஒரே நோட்டீஸை மூன்று இடத்திலும் கொடுத்தால் பணம்தான் தீரும். நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன்பே உங்கள் இடம் இதில் எது என்று பார்த்துவிடுங்கள்.

புள்ளிவிவரம் ரத்த அழுத்தம் என்கிறது, மக்கள் கொசுத் தொல்லை என்கிறார்கள். யார் சொல்வதை எடுப்பது?

இரண்டையும். பிரிட்டிஷ் சமூகக் கொள்கை அறிஞர் ஜொனாதன் பிராட்ஷா 1972இல் தேவையை நான்காகப் பிரித்தார்: நிபுணர் அளவுகோல் வைத்துச் சொல்வது, மக்கள் தாங்களே உணர்வது, உணர்ந்ததோடு நிற்காமல் வாய்விட்டுக் கேட்பது அல்லது தேடிப் போவது, இதே மாதிரியான மற்றொரு சமூகத்துக்குக் கிடைப்பது இவர்களுக்குக் கிடைக்காமல் இருப்பது. ரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது, அதனால் அது 'உணர்ந்த தேவை' பட்டியலில் வராமல் போவதில் வியப்பில்லை. அதற்காக மக்களுக்கு விவரம் போதாது என்று முடிவு கட்டாதீர்கள். கொசுவில் தொடங்குங்கள் என்பதுதான் என் கருத்து. அவர்கள் சொன்னதை நீங்கள் காதில் வாங்கினீர்கள் என்று தெரிந்தால்தான் நீங்கள் சொல்வதற்கும் காது கொடுப்பார்கள். கொசுவுக்காகக் கூடுகிற அதே கூட்டத்தில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியையும் வையுங்கள்.

சர்வேக்கு 384 பேர் கட்டாயம் வேண்டும் என்கிறார்களே, உண்மையா?

அந்த எண் ஒரு கணக்கின் விடை, அவ்வளவுதான். பெரிய மக்கள்தொகையிலிருந்து குலுக்கல் முறையில் ஆட்களை எடுத்து, 95 சதவீத நம்பிக்கையோடும் 5 சதவீதப் பிழை வரம்போடும் (அதாவது இதே சர்வேயை நூறு முறை நடத்தினால் சுமார் 95 முறை விடை உண்மையிலிருந்து 5 புள்ளிக்கு மேல் விலகாது) ஒரு விகிதத்தைக் கணிக்க, பாதிப்பேர் ஆம் என்பார்கள் என்று வைத்துக்கொண்டால் 384 வரும். மொத்தமே 500 பேர் என்றால் சுமார் 217 போதும். தெருத்தெருவாகக் கொத்துக் கொத்தாக எடுத்தால் 384ஐவிட அதிகம் வேண்டும், ஏனென்றால் பக்கத்து வீட்டுக்காரர்கள் பல விஷயங்களில் ஒரே மாதிரி இருப்பார்கள். ஆனால் 'எத்தனை பேர்' என்பது உங்களுக்கு நிஜமாகவே தேவையா? 'ஏன் வருவதில்லை' என்று தெரிந்துகொள்ளத்தான் போகிறீர்கள் என்றால் ஆறு முதல் பத்துப் பேர் வரை உட்கார்ந்து பேசும் குழுக்கள் சிலவற்றை நடத்துங்கள், புதிதாக எதுவும் வராத கட்டத்தில் நிறுத்திவிடலாம்.

குழு கூட்டினால் இரண்டு பெரியவர்கள் மட்டுமே பேசுகிறார்கள்.

அவர்களோடு தனியாக, முன்னதாகவே உட்கார்ந்து பேசிவிடுங்கள், அது அவர்களுக்கான மரியாதையும்கூட. பிறகு இளம்பெண்கள், வயதானவர்கள், கூலி வேலைக்குப் போகிறவர்கள் என்று தனித்தனிக் குழுவாக, அவர்களுக்கு வசதியான நேரத்தில். பகலில் கூட்டம் போட்டால் பகலில் வேலைக்குப் போகிறவர் குரல் உங்கள் அறிக்கையில் இருக்காது.

அக்கா, நான் மாணவி. 'சமூகத்தின் பலம்' என்று பாடத்தில் வருகிறது. களத்தில் அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

நல்ல கேள்வி, பலர் தாண்டிப் போய்விடும் இடம் இது. இல்லாததை மட்டும் பட்டியல் போட்டால் அந்த மக்கள் நம் கண்ணுக்கு வெறும் குறைகளின் மூட்டையாகத்தான் தெரிவார்கள், கொஞ்ச நாளில் அவர்களே தங்களை அப்படித்தான் சொல்லத் தொடங்குவார்கள். அமெரிக்க ஆய்வாளர்கள் கிரெட்ஸ்மன், மெக்நைட் இருவரும் 1993இல் இதைத்தான் அழுத்திச் சொன்னார்கள்: தனி மனிதர்களின் திறமை, மக்களே நடத்தும் சங்கங்கள், அங்குள்ள நிறுவனங்கள், இவற்றிலிருந்து தொடங்கு என்று.

களத்தில் இப்படிச் செய். பத்துப் பேரைக் கூட்டி, தரையில் சாக்பீஸால் தங்கள் தெருக்களை வரையச் சொல். வீடுகள், தண்ணீர் எடுக்கும் இடம், மாலையில் உட்கார்ந்து பேசும் இடம் எல்லாம் வரட்டும், நீ கையில் சாக்பீஸை எடுக்காதே. அப்புறம், 'ராத்திரியில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் முதலில் எந்தக் கதவைத் தட்டுவீர்கள்?' என்று கேள். நான் இருந்த ஒரு கூட்டத்தில் எல்லோரும் மருத்துவமனையைத்தான் காட்டினார்கள், பிறகு ஒரு பெண் சாக்பீஸை வாங்கி மூலையில் இருந்த வீட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார், மற்றவர்களும் 'ஆமாம், அங்கேதான்' என்றார்கள். அந்த வீட்டில் இருந்தது எந்தப் பதவியிலும் இல்லாத ஒரு பாட்டி. எந்த அரசுப் பட்டியலிலும் இப்படிப்பட்டவர் பெயர் இருக்காது, ஆனால் வயிற்றுப்போக்குக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் கலக்கும் சரியான அளவை முதலில் கற்றுத்தர வேண்டியது இவருக்குத்தான்.

யார் எதில் கெட்டிக்காரர், யார் பேச்சுக்கு மதிப்பு, எந்தச் சங்கம் சொன்னால் ஆள் கூடும், எந்த இடம் சும்மா கிடக்கிறது, யாருக்கு யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்பது வரை எழுதி வை. கடைசியாகச் சொன்னதை அறிக்கையில் போடாதே, உன் நோட்டில் மட்டும் இருக்கட்டும்.

கை கழுவும் முறையை எல்லோரும் ஒப்பிக்கிறார்கள், ஆனால் செய்வதில்லை. இன்னும் எத்தனை வகுப்பு எடுப்பது?

ஒன்றுகூட வேண்டாம். அறிவு இருக்கிறது, குறை வேறு எங்கோ. சுகாதாரக் கல்வி அறிஞர் லாரன்ஸ் கிரீன் 1970களில் உருவாக்கிய 'ப்ரிசீட்' (PRECEDE) என்ற திட்டமிடும் முறை, ஒரு பழக்கத்தின் பின்னால் மூன்று வகைக் காரணங்களைத் தேடச் சொல்கிறது: மனதில் இருப்பவை, அதாவது அறிவு, நம்பிக்கை, மனப்பான்மை. செய்ய வழிவிடுபவை, அதாவது பொருள், வசதி, திறமை. செய்த பிறகு தொடர வைப்பவை, அதாவது சுற்றி இருப்பவர்களின் ஆதரவு, பாராட்டு, செய்ததால் கிடைத்த பலன். கழிப்பறை வெளியே இருக்கிறது, சோப்பு வீட்டுக்குள் அலமாரியில் இருக்கிறது, வெளியே வைத்தால் காணாமல் போய்விடும் என்று உள்ளே வைத்திருக்கிறார்கள். இதைக் கேள்வித்தாள் காட்டாது, வீட்டுக்குப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். கழிப்பறைக் கதவருகே சோப்பைக் கட்டித் தொங்கவிட ஒரு வலைப்பை இங்கே பத்து வகுப்புகளைவிட அதிகம் செய்யும். தண்ணீரே இல்லாத இடத்தில் போய்ச் சுத்தம் பற்றி வகுப்பு எடுப்பதை நான் அநியாயம் என்றே சொல்வேன்.

இருபது பிரச்சினைகள் வந்துவிட்டன. எதை முதலில்?

ஹான்லன் முறையைப் பாருங்கள். பிரச்சினை எத்தனை பேரைத் தொடுகிறது, எவ்வளவு கடுமையானது, அதற்கு நாம் செய்யக்கூடியது எவ்வளவு பலிக்கும் என்று மூன்றுக்கும் மதிப்பெண். கடுமையை இரண்டால் பெருக்கி முதல் மதிப்பெண்ணோடு கூட்டி, வந்ததை மூன்றாவதால் பெருக்க வேண்டும். அந்தப் பெருக்கலில்தான் விஷயம் இருக்கிறது: எவ்வளவு பெரிய பிரச்சினையானாலும் உங்கள் கையில் பலிக்கும் வழி இல்லையென்றால் விடை பூஜ்யம். மதிப்பெண் போடும்போது மக்களில் சிலரும் மேசையில் இருக்கட்டும்.

'எத்தனை பேர்தான் வந்து கேட்பீர்கள்' என்று கதவைச் சாத்துகிறார்கள்.

அவர்கள் கோபம் நியாயமானது. முன்பு வந்தவர்கள் கேட்டுக்கொண்டு போனார்கள், திரும்பி வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதலில் ஏற்கெனவே எடுத்த கணக்குகளைத் தேடிப் படியுங்கள், அங்கே கிடைப்பதை மறுபடி கேட்காதீர்கள். கேள்வித்தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் 'இந்தப் பதிலை வைத்து என்ன முடிவெடுப்பேன்' என்று பாருங்கள், எதுவும் இல்லையென்றால் அடித்துவிடுங்கள். பதில் சொல்ல விருப்பமில்லை என்றால் விட்டுவிடலாம் என்று வாசலிலேயே சொல்லுங்கள், செய்ய முடியாததைச் செய்து தருகிறோம் என்று சொல்லாதீர்கள். முடிவுகளைச் சொல்லும் கூட்டத்துக்கான தேதியை சர்வே தொடங்கும் அன்றே அறிவித்துவிடுங்கள், அந்த நாளில் யார் பெயரும் வெளிப்படாமல் முடிவுகளை அவர்களில் ஒருவரே எழுந்து வாசிக்கட்டும். தவறாக எழுதியிருந்தால் அங்கேயே சொல்வார்கள், உடனே திருத்திக்கொள்ளுங்கள்.